இரண்டு கையெழுத்து

இரண்டு மணிக் கூட்டம் மூன்றுக்குத் தொடங்கியது.
றோல்ஸ் ஆறி, எண்ணெய் கடுதாசியில் ஊறிவிட்டது.
கொழும்பிலிருந்து வந்தவர் திரையில்
ஒல்லாந்தைக் காட்டினார்:
அங்கே வைத்தியர் வீட்டுக்கே வருவாராம்.
இன்னொரு வைத்தியரும் ஒப்பமிட வேண்டுமாம்.
படத்தில் ஒரு ஜன்னல், ஒரு வெள்ளைப் போர்வை,
மேசையில் மஞ்சள் பூ.

ஒருவர் சட்டம் என்றார்.
ஒருவர் சத்தியப்பிரமாணம் என்றார்.
பின்வரிசையில் யாரோ:
"சாவையும் இனி நாங்களே எழுதிக் குடுக்கிறதோ?
இந்த ஊருக்கு அது காணாமல் கிடந்ததோ?"
ஒருவரும் சிரிக்கவில்லை.
மின்விசிறி மட்டும் குறிப்பேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தது.

நான் ஒன்பதாம் கட்டிலை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேர்னாட் மரியநாயகம். பாசையூர்.
படகு எஞ்சின் திருத்துபவர்.
நாக்கில் தொடங்கித் தாடையைத் தின்று
கன்னத்தில் வாசல் திறந்துகொண்டது நோய்.
பேச்சு நின்று இரண்டு மாதம்.
எண்பது பக்கக் கொப்பியில் பேசுகிறார்.
உடம்பு சரிந்தாலும் எழுத்துச் சரியவில்லை.

"சீஸ் ஆன எஞ்சினை நான் கரையில ஏத்திப்போட்டு
சொந்தக்காரனிட்டை நேர சொல்லிப்போடுவன்,
இனி விடு தம்பி எண்டு.
நீங்கள் ஏன் இன்னும் கயிறு இழுக்கிறியள்?"

நோவுக்கு மருந்தைக் கூட்டுகிறேன் என்றேன்.
"நோவு பறவாயில்லை."
அடியில் கோடிட்டார்.
"மணம்.
ஜெசிந்தா கதிரையை ஒவ்வொரு நாளும்
ஒரு சாண் தள்ளிப் போடுறா.
அவவுக்கே தெரியாது."

நிலத்தைப் பார்த்தேன்.
கட்டிலுக்கும் கதிரைக்கும் இடையில்
நாலு ஓடு.

கூட்டம் முடிந்து வாகனத் தரிப்பிடத்தில்
டொக்டர் குலவீரசிங்கம் சாவியைத் தேடிக்கொண்டு நின்றார்.
உள்ளே ஒரு வார்த்தை பேசாதவர்.
"பள்ளிக்கூட வாங்கில ஒரு பொடியன் கிடந்தவன்,
இடுப்புக்குக் கீழ சொல்ல ஒண்டுமில்லை.
சேர், முடிச்சுவிடுங்கோ எண்டான்.
மரியாதையாய்த்தான் கேட்டான்.
என்னட்டை ஒரு அம்பியூல் இல்லை.
அண்டைக்கு என்ர கையைத் தடுத்தது
கொள்கை இல்லைப் பிள்ளை, தட்டுப்பாடு.
இருந்திருந்தால்?"
சாவி சட்டைப் பையிலேயே இருந்தது.
கார் போன பிறகும்
அந்தக் கேள்வி அதே இடத்தில் தரித்து நின்றது.

இரவு வாட்டில் சளி உறிஞ்சும் மெஷின் இரைந்தது.
பேர்னாட் கண்மூடி அதைக் கேட்டார்,
கட்டில் சட்டத்தில் விரலால் தட்டினார்,
கொப்பியை எடுத்தார்:
"பெயரிங் தேஞ்சு போச்சு. ஒரு கிழமை தாங்காது.
ஆரிட்டையாவது சொல்லுங்கோ."
சொல்கிறேன் என்றேன்.
மருந்துகளுக்கே ஆள் இல்லாத இடத்தில்
மெஷினுக்கு யாரிடம் சொல்வது?
அவர் பேனாவை மூடவில்லை.
கீழே இன்னொரு சொல்:
"கயிறு?"

மோர்பின் அம்பியூல் பதினைந்து மில்லிகிராம்.
நான் எழுதியது பத்து.
தர்மினி மிஸ்ஸி கழுத்தை உடைத்தாள், அளந்து ஏற்றினாள்.
மீதி ஐந்தைச் சிங்கில் விட்டு
தண்ணீர்க் குழாயைத் திறந்தாள்.
ஒழுங்கு அதுதான்.
அந்த ஐந்தால் யாரும் சாகப்போவதில்லை,
கணக்கு எனக்குத் தெரியும்.
தெரிந்தும் குழாய்ச் சத்தம் நிற்கும்வரை
நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

ஆபத்தான மருந்துகளின் புத்தகம்.
கொடுத்தது பத்து. ஊற்றியது ஐந்து.
நேரம் பதினொன்று நாற்பது.
அவள் பெயர். என் பெயர்.

மருந்து இறங்க, நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாய் அவிழ்ந்தது.
அதையும் பார்த்தேன். அது பொய்யில்லை.

வெளியேறும்போது
ஜெசிந்தாவின் வெறுங்கதிரை வழியில் நின்றது.
ஒரு ஓடு முன்னுக்குத் தள்ளிவிடலாம் என்று
முதுகுச் சட்டத்தில் கை வைத்தேன்.

பேர்னாட் தூங்கவில்லை.
பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை எடுத்துவிட்டேன்.